உங்களுக்குத் தெரியுமா? ஆனந்தையே வீழ்த்திய ‘வீரர்’

கைப்பேசியில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடும் சிவகாசி, விருதுநகர்ப் பையன்களுக்கு ஏமாற்று மென்பொருளைக் குறிக்கும் ‘ஹேக்’ என்ற சொல் அத்துப்படி. தொடர்ந்து தலையிலேயே சுடுகிறவன் மேல் உடனே சந்தேகம் பாயும். இதே சந்தேகம் சதுரங்கப் பலகையிலும் எழுந்தது, அதுவும் விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டத்தில்!

2021 ஜூன் 13 அன்று, கொரோனா நிவாரண நிதிக்காக ஆனந்த் பிரபலங்கள் பலருடன் இணையத்தில் ஒரே நேரத்தில் மோதினார். 5 முறை உலக சாம்பியனான அவரைத் தோற்கடித்தவர், பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் நிறுவனர்களில் ஒருவரான நிகில் காமத். நகர்த்தல்களில் மனிதத் தடுமாற்றமே இல்லை. மறுநாள், ஆட்டத்தை அலசியவர்களும் கணினியும் உதவியதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நன்கொடை ஆட்டம்தானே என்பார்கள். உதவி பெறுவதை எதிரே ஆடியவருக்கும் சொல்லியிருக்க வேண்டாமா? செஸ்.காம் தளம் நிகிலின் கணக்கை முடக்கியது. ஆனந்த் விவகாரத்தை வளர்க்க விரும்பாததால் பிறகு திறந்துவிட்டது.

எல்லோருக்கும் ஆனந்த் வாய்ப்பதில்லை. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சுடும் கணினி விளையாட்டுப் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவரின் கணினியில் தானே குறிபார்த்துத் தரும் மென்பொருள் சிக்கியது. கோப்புக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘வேர்ட்.எக்ஸி’! அணியே வெளியேற்றப்பட்டது; அவருக்கு 5 ஆண்டுத் தடை.