தேடுபவனும் தேடப்படுகிறான்

எலி வளையை விட்டு வெளியே வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஒரே பாய்ச்சலில் வந்துவிடாது. முதலில் மூக்கை மட்டும் நீட்டும். மோப்பம் பிடித்தபடி சற்று நேரம் அசையாமல் இருக்கும். அதன் பிறகே தானியத்தை நோக்கி ஓடும். தானியம் இருக்கும் இடம் மட்டும் தெரிந்தால் எலிக்குப் போதாது. பூனை இருக்கும் இடமும் தெரிய வேண்டும்.

இதே பாடத்தைக் கணிப்பொறி விளையாட்டு ஒன்று விண்வெளியில் வைத்துக் கற்றுத் தருகிறது. அதன் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி என்ற நிறுவனம் 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கொண்ட கற்பனை உலகம் அது. குறுங்கோள்களை வெட்டித் தாது எடுக்கலாம். மறைந்து கிடக்கும் பழைய சிதைவுகளைக் கண்டுபிடித்து விலையுள்ள பொருள்களை எடுத்து வரலாம். ஆனால் அங்கே பறக்கும் மற்றக் கப்பல்களில் பலவற்றை ஓட்டுபவர்கள் உங்களைப் போன்ற மனிதர்கள். உங்கள் கப்பலை உடைத்துச் சரக்கைப் பறிக்க அவர்களுக்கு விதி தடையில்லை. உடைந்த கப்பல் திரும்பி வராது.

அப்படியானால் அங்கே பத்திரமாக வளம் தேடுவது எப்படி? அதில் கொஞ்சம் வடிவ கணிதம், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் நிகழ்தகவு இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நான்கு கோளங்கள்

மறைந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, கப்பலிலிருந்து ‘புரோப்’ எனப்படும் சிறு கருவிகளை விண்வெளியில் பரப்புகிறார்கள். ஒரு புரோப் மட்டும் ஒரு பொருளை உணர்ந்தால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியும். எந்தத் திசையில் என்பது தெரியாது. ஆகவே அந்தப் பொருள், புரோப்பை மையமாகக் கொண்ட ஒரு கோளத்தின் மேற்பரப்பில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

இரண்டாவது புரோப்பும் தூரத்தைச் சொன்னால் இரண்டு கோளங்கள் கிடைக்கும். இரண்டு சோப்புக் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் அவை சந்திக்கும் விளிம்பு என்ன வடிவம்? வட்டம். பொருள் அந்த வட்டத்தில் எங்கோ இருக்கிறது. மூன்றாவது கோளம் அந்த வட்டத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டும். இரண்டில் எது உண்மை, எது போலி என்று நான்காவது கோளம் சொல்லிவிடும். விளையாட்டின் திரையில் கோளம், வட்டம், இரு புள்ளி, ஒரு புள்ளி என்ற இந்த வரிசையை அப்படியே காணலாம்.

உங்கள் நோட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். தாளில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரே கோட்டில் அமையாத மூன்று இடங்களைக் குறியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் காம்பஸை ஊன்றி, அந்தப் புள்ளி வரை உள்ள தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் வரையுங்கள். இரண்டு வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டும்; மூன்றாவது வட்டம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். தாள் தட்டையானது என்பதால் மூன்றே போதும். விண்வெளிக்கு உயரமும் உண்டு. எனவே நான்கு தேவை.

நிலநடுக்கம் எங்கே ஏற்பட்டது என்று அறிவதும் இதே முறையில்தான். முதலில் வரும் அலைக்கும் அடுத்து வரும் அலைக்கும் உள்ள நேர இடைவெளியிலிருந்து ஒவ்வொரு நிலையமும் தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று நிலையங்களின் வட்டங்கள் சந்திக்கும் இடமே நடுக்கத்தின் மையம். கைப்பேசிக்கு இடம் காட்டும் ஜிபிஎஸ் முறையிலும் நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். அங்கே நான்காவதன் வேலை சற்று வேறு. கைப்பேசியின் கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். அந்தக் கடிகாரப் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கவே நான்காவது அளவு தேவைப்படுகிறது.

இருட்டில் டார்ச் விளக்கு

புதையலின் இடம் தெரிந்துவிட்டது. உடனே பாய்ந்து போகலாமா? பொறுங்கள். நீங்கள் பரப்பிய புரோப்களை மற்றவர்களும் பார்க்கலாம்.

ஒவ்வொரு கப்பலிலும் ‘டைரக்ஷனல் ஸ்கேனர்’ என்ற கருவி இருக்கிறது. அது 14.3 வானியல் அலகு தூரம் வரை உள்ள கப்பல்களையும் புரோப்களையும் பட்டியலிடும். ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரி தூரம், ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். ஆகவே 200 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்கும் உங்கள் புரோப் தெரியும். ‘யாரோ தேடுகிறார்கள்’ என்று அவன் அறிந்துகொள்வான்.

மெய்யான உலகிலும் இந்தச் சங்கடம் உண்டு. இருண்ட வயல்வெளியில் டார்ச் விளக்குடன் நடந்து செல்கிறீர்கள். உங்களுக்குச் சில கஜ தூரம்தான் தெரியும். ஆனால் வெகு தொலைவில் நிற்பவனுக்கு உங்கள் விளக்கு பளிச்சென்று தெரியும். ஏன் தெரியுமா? ஒளி பரவப் பரவ, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியோ மீண்டும் ஒரு முறை அப்படிக் குறைகிறது. மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான் உங்கள் கண்ணுக்கு வரும். ராடாருக்கும் இதே விதிதான். ராடாரின் அலையை எதிரி கேட்கும் தூரம், எதிரியை ராடார் காணும் தூரத்தைவிட அதிகமாக இருக்க முடியும். இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு, ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்களில் மெடாக்ஸ் என்ற ஏற்பி பொருத்தப்பட்டது. தங்களைத் தேடி வந்த விமானங்களின் ராடார் அலையை அது காட்டிக் கொடுத்தது. விமானம் வந்து சேருவதற்குள் கப்பல் நீருக்குள் மூழ்கிவிடும்.

ஆகவே ஈவ் விளையாட்டில் அனுபவசாலி என்ன செய்கிறார்? புதிய மண்டலத்தில் நுழைந்ததும் முதலில் ஸ்கேனரைப் பார்க்கிறார். பட்டியலில் போர்வகை புரோப் தெரிந்தால், யாரோ கப்பலைத் தேடுகிறார் என்று பொருள். வேலையை நிறுத்திவிட்டு விலகுகிறார். தாது வெட்டும்போதும் சில விநாடிக்கு ஒரு முறை ஸ்கேனரை இயக்குகிறார். மறைப்புக் கருவியால் கப்பலை மறைத்துக்கொண்ட பிறகே புரோப்களை நகர்த்துகிறார்.

மறைப்புக் கருவி இருந்தால் அச்சமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. வேறொரு பொருள் 2,000 மீட்டருக்குள் வந்தால் மறைவு கலைந்துவிடும். மறைந்திருக்கும்போது தாது வெட்டவோ புதையலைத் திறக்கவோ முடியாது. வேலை செய்யும் நேரமே ஆபத்தான நேரம். அதோடு, எதிரியும் மறைந்திருக்கலாம். மறைந்தவன் ஸ்கேனரில் தெரியமாட்டான். பட்டியல் வெறுமையாக இருந்தால் ‘யாரும் தென்படவில்லை’ என்றுதான் பொருள். ‘யாரும் இல்லை’ என்று பொருளாகாது. அறிவியல் மாணவன் மறக்கக் கூடாத வேறுபாடு இது.

காவலர் வருவார், ஆனால்...

விளையாட்டின் மண்டலங்களுக்குப் பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை உள்ளவற்றில் கான்கார்ட் என்ற காவல்படை, விதியை மீறித் தாக்குபவனின் கப்பலை அழித்துவிடும். 0.5க்குக் கீழே அந்தப் படை வராது. புதியவர்கள் ‘உயர்ந்த எண் உள்ள இடத்தில் ஆபத்தே இல்லை’ என்று எண்ணி ஏமாறுகிறார்கள். கான்கார்ட் குற்றத்தைத் தடுப்பதில்லை. குற்றம் நடந்த பிறகு தண்டிக்கிறது. வந்து சேரவும் சில விநாடிகள் ஆகும். உங்கள் சரக்கு தன் கப்பலைவிட விலை அதிகம் என்றால், கப்பலை இழக்கத் துணிந்தே ஒருவன் தாக்குவான். அவன் கூட்டாளி சரக்கை அள்ளிப் போவான். காவலைவிட நல்ல கவசம், தாக்கினால் லாபம் இல்லாதபடி குறைந்த சரக்கோடு செல்வதுதான்.

எப்போது வீடு திரும்புவது?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனையானவை. உங்கள் கப்பலின் விலை 100 லட்சம். ஓர் இடத்தைத் தேடி முடித்தால் 20 லட்சம் கிடைக்கும். ஒவ்வோர் இடத்திலும் கப்பலும் சரக்கும் பறிபோகும் வாய்ப்பு பத்தில் ஒன்று.

முதல் இடத்துக்குப் போகும்போது சரக்கறை காலி. பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பில் 20 லட்சம் வரும். சராசரி வரவு 18 லட்சம். பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் 100 லட்சம் போகும். சராசரி இழப்பு 10 லட்சம். மிச்சம் 8 லட்சம் லாபம்.

நான்கு இடங்களை முடித்துவிட்டீர்கள். கையில் 80 லட்சம் சரக்கு. ஐந்தாவது இடத்துக்குப் போகலாமா? வரவு அதே 18 லட்சம். ஆனால் பறிபோகக்கூடியது இப்போது 180 லட்சம். சராசரி இழப்பும் 18 லட்சம். லாபம் பூஜ்யம்! ஆறாவது இடத்துக்குப் போனால் நஷ்டக் கணக்கு. ஆபத்து கூடவில்லை; இழக்கக்கூடியது கூடிவிட்டது. சரக்கறை நிறைய நிறைய ஆசை ‘இன்னும் ஒன்று’ என்கிறது. கணக்கோ ‘இறக்கிவிட்டு வா’ என்கிறது. எத்தனை இடம் என்பதைப் புறப்படுமுன்பே தாளில் எழுதிவிட வேண்டும்.

ரியூகுவில் எழுந்த அதே கேள்வி

இது விளையாட்டோடு நிற்கும் கேள்வியல்ல. ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியூகு என்ற குறுங்கோளிலிருந்து மண் எடுத்து வரச் சென்றது. 2018 ஜூனில் அங்கே சேர்ந்தபோது, எதிர்பார்த்த சமதளம் எங்குமே இல்லை. எங்கு பார்த்தாலும் பாறைகள். 2018 அக்டோபரில் இறங்கும் திட்டத்தை விஞ்ஞானிகள் ஒத்திவைத்தார்கள். பல மாதம் படங்களை ஆராய்ந்து, சுமார் 6 மீட்டர் அகலமுள்ள சிறு இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 பிப்ரவரி 22 அன்று, குறித்த இடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் கலம் தொட்டு எழுந்தது. ஆனால் கிளம்பிய தூசி கீழ்நோக்கிய காமிராவில் படிந்துவிட்டது.

மண் கைக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறை இறங்க வேண்டுமா? மோதினால் எடுத்த மண்ணும் போய்விடும். இறங்கினால், ஏப்ரலில் செயற்கையாகப் பள்ளம் உண்டாக்கியபோது வெளிப்பட்ட உள்மண் கிடைக்கும். வழியில் இறக்கி வைக்க வீடு இல்லை. ஆகவே அவர்கள் மற்ற வழியைக் கையாண்டார்கள். தாழப் பறந்து மேலும் ஆராய்ந்து, ஆபத்தைக் குறைத்துக்கொண்டு, 2019 ஜூலை 11 அன்று மீண்டும் இறங்கினார்கள். 2020 டிசம்பரில் 5.4 கிராம் மண் பத்திரமாகப் பூமிக்கு வந்தது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன எண்களில் ஆபத்தை மட்டும் பத்தில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறையுங்கள். எத்தனை இடங்களை முடித்த பிறகு, அடுத்த இடத்தின் லாபம் பூஜ்யமாகும்? போட்டுப் பாருங்கள். விடை 14. ஆபத்து பாதியானது; போகக்கூடிய இடங்களோ நான்கிலிருந்து பதினான்கு ஆயின. நின்று சுற்றிலும் பார்க்கும் சில நிமிடங்களுக்கு இருக்கும் விலை இதுதான்.