ஒளிவில்லைகளையும் நெகட்டிவ்களையும் எண்முறையில் காத்தல்

ஏறக்குறைய 1960 முதல் 1990 வரையுள்ள முப்பது ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் நம் வீடுகளிலும் சபைகளிலும் பெரும்பாலும் படச்சுருளிலேயே பதிவாகியுள்ளன. ஆலயப் பிரதிஷ்டை, திருமணம், அறுவடைத் திருநாள், விடுதி மாணவரின் ஆண்டு விழா ஆகியவற்றின் நெகட்டிவ்களும், ஸ்லைடு என வழங்கும் ஒளிவில்லைகளும் ஆலயத்தின் பின்னறையிலோ போதகர் இல்லத்துப் பரணிலோ கிடக்கின்றன. இவற்றைக் கணினிக்குரிய எண்முறைப் படங்களாக மாற்றித் தரும் ஸ்கேனர், இன்று ஒரு சபை மட்டுமன்றி ஒரு குடும்பமும் வாங்கக்கூடிய கருவியாகிவிட்டது. அக்கருவி யாது செய்யும், யாது செய்யாது, அதனைக் கையாள்வோர்க்கு வேண்டிய ஒழுங்கு யாது என்பவற்றைப் பொன்னேரி வட்டாரத்தின் சூழலை முன்னிறுத்தி இங்கு ஆராய்வோம்.

1. காலம் குறுகியது ஏன்?

படச்சுருள் என்பது இரு பகுதிகளால் ஆயது. அடியில் ஒளி ஊடுருவும் தகடு. அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. கருப்பு வெள்ளை நெகட்டிவில் அப்பூச்சினுள் உருவத்தை அமைப்பது நுண்ணிய வெள்ளித் துகள். வண்ணப் படத்திலோ, கழுவும்போது வெள்ளி நீக்கப்பட்டுச் சாயங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. ஆகவே நன்கு கழுவிக் காத்த கருப்பு வெள்ளை நெகட்டிவ் நூறாண்டும் நிற்கக்கூடும். வண்ணப் படமோ இருளில் வைத்திருந்தாலும் மெல்ல நிறம் மாறும். பழைய வண்ண ஒளிவில்லைகள் பல செந்நிறமாகத் தோன்றுவதற்குக் காரணம், அவற்றின் நீலச்சாயமும் பிறவும் ஒரே வேகத்தில் மங்காமையே.

தகட்டுக்கும் நோய் உண்டு. 1951 வரை வழக்கிலிருந்த நைட்ரேட் தகடு எளிதில் தீப்பற்றுவது. அதற்கு மாற்றாக வந்த அசிட்டேட் தகடு தீக்கு அஞ்சாததாயினும், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் சிதைந்து காடி நாற்றம் வீசும்; சுருங்கும்; நெளியும். 1948ஆம் ஆண்டில் இவ்வகை முழு வழக்குக்கு வந்து பத்தாண்டுக்குள்ளாகவே, இச்சிதைவைப் பற்றிய முதல் முறையீடு கோடாக் நிறுவனத்துக்கு இந்திய அரசிடமிருந்து சென்றது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. குளிர்நாட்டினர் பின்னர் அறிந்த நோயை நம் நாட்டுத் தட்பவெப்பம் முன்னரே காட்டிவிட்டது.

பொன்னேரி ஆரணியாற்றின் கரையிலுள்ள ஊர். கடலும் பழவேற்காட்டு ஏரியும் அண்மையில் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நீடித்தால் ஜெலட்டின் பூஞ்சைக்கு உணவாகிறது. அன்றியும், 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த பெருமழையும் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் வீடுகளுக்குள் நீரைப் புகுத்தின. தரையில் வைத்த பெட்டி ஒரே இரவில் அழிவதற்கு இதுவே போதும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை தேடி வந்து குடியேறியோர் பலர் வாடகை வீடுகளில் வாழ்வோர். வீடு மாறும்போது முதலில் கைவிடப்படுவது இத்தகைய பழம்பெட்டியே. போதகர் இடமாற்றம் பெறும்போதும் நிகழ்வது இதுவே.

2. பிறர் செய்த முயற்சிகள்

புகைப்படக் கலை தமிழகத்துக்குப் புதியதன்று. சென்னைப் புகைப்படச் சங்கம் 1857இல் தோன்றியது. உதகமண்டலத்தில் அமைந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1967 முதல் 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் செய்தது. நம் பெட்டிகளில் உள்ள கருப்பு வெள்ளைச் சுருள்களின் ஓரத்தில் அப்பெயரைக் காணலாம். அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களின் படங்களை ஒரு இலட்சத்துக்கும் மேலாகத் திரட்டிக் காத்து வருகிறது. அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர், பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய புகைப்பட நிலையங்களின் நெகட்டிவ்களையும் அச்சுப் படங்களையும் தேடி எண்முறையில் பதிந்தனர். பாசல் மிஷன், மலபார், கன்னடம், நீலகிரி முதலிய பகுதிகளில் எடுத்த படங்களை இணையத்தில் அனைவரும் காண வைத்துள்ளது. இவை பெருநிறுவனங்களின் பணிகள். ஆயினும் ஒரு சிற்றூர்ச் சபையின் பெட்டியைத் தேடி எந்தப் பெருநிறுவனமும் வருமென எதிர்பார்த்தல் இயலாது. அதனை அச்சபையாரே செய்தல் வேண்டும்.

3. கருவியைத் தெரிந்துகொள்ளல்

வீட்டுக்கேற்ற கருவிகள் மூவகை எனலாம். முதல்வகை, உள்ளே சிறு கேமரா பொருத்திய மலிவான பெட்டி. நொடிப்பொழுதில் படம் தரும். ஆனால் நிழற்பகுதிகளின் நுட்பம் மறையும். இரண்டாம் வகை, எப்சன் வி600 போன்று மூடியினுள் விளக்கமைந்த தட்டை ஸ்கேனர். அகலச் சுருளையும் அச்சுப் படத்தையும் ஏற்கும். மூன்றாம் வகை, பிளஸ்டெக் நிறுவனத்தின் ஆப்டிக்ஃபிலிம் வரிசையில் பலவற்றைப் போன்று 35 மில்லிமீட்டர் சுருளுக்கென்றே அமைந்தது, நுட்பம் மிகுதி, ஆனால் அகலச் சுருளை ஏற்பதில்லை. முன்னாளில் பல குடும்பங்கள் பயன்படுத்திய ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் அகலமான 120 எண் சுருளில் படமெடுத்தவை. ஆகையால் பெட்டியில் இருப்பது எவ்வகைச் சுருள் என்பதைப் பார்த்த பின்னரே கருவியைத் தேர்தல் நன்று.

அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என விளம்பரத்தில் காணும் எண்ணை அப்படியே நம்புதல் வேண்டா. கருவியின் உண்மையான நுட்பம் பெரும்பாலும் அதனினும் குறைவு. 35 மில்லிமீட்டர் படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 3200 புள்ளி எனப் பதிந்தால் ஏறத்தாழ 4500க்கு 3000 புள்ளிகள், அதாவது 1 கோடியே 35 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட இது போதும். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வீதம் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் சுமார் 80 மெகாபைட் ஆகும். அதனை மூலப்படியாக வைத்துக்கொண்டு, பிறர்க்கு அனுப்பச் சிறிய ஜேபெக் படி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டறிந்து நீக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. வண்ணச் சாயத்தின் ஊடே அக்கதிர் செல்லும்; தூசியின் ஊடே செல்லாது. இதுவே அதன் அடிப்படை. ஆனால் கருப்பு வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளி அக்கதிரைத் தடுப்பதால், கருவி முகத்தையே தூசியெனக் கருதிச் சிதைத்துவிடும். கோடாக்ரோம் ஒளிவில்லைகளிலும் இவ்வசதி சரிவரப் பயன்படுவதில்லை. எனவே இவ்விரு வகைக்கும் அதனை நிறுத்திவைத்தல் வேண்டும்.

4. வேலையின் ஒழுங்கு

முதற்கண் பிரித்தல். காடி நாற்றம் வீசுவனவற்றை வேறு பெட்டியில் இடுக. அந்த ஆவி பிறவற்றையும் கெடுக்கும். அவற்றையே முதலில் பதிவு செய்க. மிகப் பழைய நைட்ரேட் சுருள் என ஐயமிருப்பின் விளக்கின் சூட்டுக்குக் கொண்டுசெல்லாது, ஆவணக் காப்பகத்தாரின் அறிவுரையை நாடுக.

இரண்டாவது தூய்மை. கைகளைக் கழுவி உலர்த்தி, பருத்திக் கையுறை அணிந்து, படத்தின் ஓரத்தை மட்டும் பிடித்தல் வேண்டும். தூசியை ரப்பர் ஊதுகுழலால் ஊதுக, வாயால் ஊதலாகாது. பூஞ்சை படிந்த படத்தை ஈரத்துணியால் துடைத்தல் பெருந்தவறு. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் இயல்பினது. துடைத்தால் உருவமே துணியோடு வந்துவிடும்.

மூன்றாவது திசை. படத்தின் பளபளப்பான பக்கம் தகடு. மங்கிய பக்கம் பூச்சு. ஓர எழுத்துகள் நேராகப் படிக்கத் தோன்றினால் பளபளப்பான பக்கம் நம்மை நோக்கியுள்ளது. சட்டத்தில் அடைத்த ஒளிவில்லையில் இது விளங்காவிடின், படத்தினுள் உள்ள கல்வெட்டையோ பெயர்ப்பலகையையோ பார்க்க. அதுவும் இல்லையேல் பெண்களின் புடவையைப் பார்க்க. முந்தானை இடத்தோளில் விழுவதே நம் வழக்கம்.

நான்காவது அளவு. ஒரு படத்துக்கு நான்கு நிமிடம் எனக் கொண்டால் 80 ஒளிவில்லைகளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆயிரம் படங்களுக்கு ஏறத்தாழ 67 மணி நேரம். ஆகவே ஒரே முயற்சியில் முடிக்க எண்ணாது, வாரந்தோறும் ஒரு மாலை என வகுத்துக்கொள்ளுதல் தகும். இளைஞர் இருவரைப் பழக்கினால் பணி தொடரும்.

5. பெயர்களும் மதிப்பும்

இவ்வளவும் செய்த பின்னரும் பணியின் பாதியே முடிந்ததாகும். பெயரற்ற படம் அடுத்த தலைமுறைக்கு ஊமைப் படமே. பழைய படங்களின் குறிப்புகளில் அயல்நாட்டு மிஷனெரியின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்க, அருகில் நிற்கும் உபதேசியாரும் வேதாகமப் பெண்மணியும் 'உள்ளூர்ப் பணியாளர்' என மட்டும் குறிக்கப்பட்டிருத்தலை நாம் அடிக்கடி காண்கிறோம். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தில், வேறெங்கும் நாம் அறியாத பலரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவ்வொழுங்கு நமக்கும் உரியது. எண்முறைப் படங்களைப் பெரிதாக்கி முதியோர்க்குக் காட்டி, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு எழுதுதல் வேண்டும். எண்பது வயதைக் கடந்த ஒரு அம்மாளின் நினைவு, எந்தக் கருவியைக் காட்டிலும் விரைந்து அழியக்கூடியது. கூலி வேலை செய்து வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டியின் படம் ஒன்றேனும் இராது. சபைப் பெட்டியில் உள்ள கூட்டப் படமே அவர்தம் ஒரே உருவமாக இருக்கக்கூடும். அப்படத்தின் படியை அக்குடும்பத்தார்க்கு அளித்தல் நம் கடமை.

மற்றொன்றும் கருதத்தக்கது. நன்கொடை திரட்டும் பொருட்டு எடுக்கப்பட்ட ஒளிவில்லைகளில் தொழுநோயாளரும் பட்டினிக் குழந்தைகளும் இடம்பெறுவர். அன்று ஓர் அறையில் சிலர்க்குக் காட்டப்பட்டவை, இன்று கைப்பேசி வழியே ஒரே நாளில் ஊரெங்கும் பரவும். அவ்வுருவத்துக்குரியோரின் பிள்ளைகள் இவ்வூரிலேயே வாழ்வர். எனவே காத்தல் வேறு, வெளியிடுதல் வேறு எனத் தெளிதல் வேண்டும். எல்லாவற்றையும் காப்போம், ஆனால் வெளியிடுமுன் உரியோரின் இசைவைக் கேட்போம்.

6. பின்னர்ச் செய்ய வேண்டுவன

பதிவு முடிந்ததென மூலத்தை எறிதல் ஆகாது. கணினிக் கோப்பு ஒரு வட்டின் பழுதால் மறையலாம். நெகட்டிவோ ஒளியொன்றிருந்தால் கண்ணுக்கே புலப்படும். அதனை அமிலமற்ற காகித உறையில் இட்டு, காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன், தரையிலிருந்து உயர்ந்த இடத்தில் வைக்க. சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது உலர்த்துக. பி.வி.சி. உறைகளும் அந்துருண்டையும் வேண்டா. எண்முறைப் படிகள் மூன்று இருத்தல் நலம். அவற்றுள் ஒன்றேனும் வேறூரில் இருக்கட்டும். ஒரே வெள்ளத்தில் யாவும் மூழ்காதிருக்க அதுவே வழி.

இறுதியாக, படங்களின் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுதிச் சபைப் பதிவேடுகளோடு சேர்த்து, போதகர் பொறுப்பு மாறும்போது அதனையும் கையொப்பமிட்டு ஒப்படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துவோமாக. திருமுழுக்குப் பதிவேட்டை நாம் எவ்வளவு கருத்தாய் ஒப்படைக்கிறோமோ, அப்பதிவேட்டில் பெயர் கண்டோரின் முகங்களையும் அவ்வளவு கருத்தாய் ஒப்படைத்தல் தகும்.