ஆட்டின் கால் அல்லாத ஆட்டுக்கால்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையை அடைந்தால், சாலையோரக் கடைகளில் பழுப்பு உரோமம் அடர்ந்த ஆட்டுக்கால்கள் போன்றவை குவிந்திருக்கக் காண்கிறோம். அருகே அடுப்பில் சாறு கொதிக்கிறது. அதுவே முடவாட்டுக்கால் சாறு.

பெயரில் ஆடு இருப்பினும் பண்டத்தில் ஆடு இல்லை. கிழங்கு என மக்கள் அழைக்கும் இது, பாறைகளிலும் மரங்களிலும் பற்றிப் படரும் பெரணிச் செடி ஒன்றின் தண்டே ஆகும். உரோமத்தைச் சீவி எறிந்து, சதையை நறுக்கி நசுக்கி, மலையில் விளைந்த மிளகுடன் சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி கூட்டிக் கொதிக்க வைக்கின்றனர். மலைக்குளிருக்கு இதம் தருவது. சுத்தபோசன நாட்களுக்கும் ஏற்றது.

முடவனையும் நடக்கச் செய்யும் என்ற நம்பிக்கையிலேயே இப்பெயர் எழுந்தது என்பர். எலிகளிடம் நடத்திய சோதனைகளில், இத்தண்டின் சத்து வீக்கத்தைத் தணித்ததுண்டு. அதனைக் கொண்டு மனிதரின் மூட்டுவாதம் தீரும் என்று சொல்லிவிட இயலாது. சாற்றை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவது பேதைமை. இறைச்சியின் புரதத்தையும் இதில் எதிர்பார்த்தல் ஆகாது.

அவ்வாறாயின், மலைமக்களின் உடல் உரம் எதிலிருந்து வந்தது? இங்கு வாழும் பழங்குடியினர், மலைவாழ்வோர் என்ற பொருளில் மலையாளிகள் எனப்படுவர். கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும், அவற்றோடு மொச்சை, அவரைக் குழம்புமே அவர்களது பழைய உணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு; அதே அளவு உலர்ந்த மொச்சையில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. தானியப் புரதத்தின் குறையைப் பயறு நிறைவு செய்கிறது.

ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்பும் மரவள்ளி பெருகியதால், சிறுதானிய வயல்கள் சுருங்கின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அம்மலை விவசாயிகளுடன் சேர்ந்து அத்தானியங்களைப் பேணி வந்துள்ளது.

முடவாட்டுக்கால் விற்ற காசு ஏழை இல்லங்களில் உலையேற்றுகிறது, வாங்குவது குற்றமன்று. ஆயினும் பாறையிலிருந்து முழுவதும் பெயர்த்தெடுத்தால் மறு ஆண்டு அங்கே தண்டு இராது. ஆதலால் இல்லத்தரசியரே, மலையிலிருந்து இறங்குகையில் ஒரு துண்டு முடவாட்டுக்கால் போதும். பையின் மற்ற இடத்தைச் சாமையும் மொச்சையும் நிரப்பட்டும். அவற்றை விளைவிக்கும் குடும்பத்திற்கும் அதனால் வாழ்வுண்டு; உண்ணும் நம் பிள்ளைகளுக்கும் வலிவுண்டு.