மாணவர்களோடு கடல் கடக்கும் பேராசிரியர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு பேராசிரியர் பத்துப் பதினைந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு போய், வேறொரு நாட்டில் சில வாரம் தங்கி, ஒரு பாடத்தை முழுவதுமாக நடத்தி முடிப்பது இன்று சாதாரணமான ஏற்பாடு. பாடத்திட்டம், கட்டுரை, மதிப்பெண் எல்லாம் உண்டு. அங்கிருந்து படிப்புக்காக வெளிநாடு போகும் மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கோடை விடுமுறையிலோ எட்டு வாரத்துக்குள்ளோ முடியும் இத்தகைய குறுகிய காலத் திட்டங்களில்தான் போகிறார்கள்.

தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்த ரேமண்ட் கிர்க்பிரைட், முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் இருந்தவர். மாணவர்கள் ஓராண்டை பிரான்ஸிலேயே படிக்கட்டும் என்ற அவருடைய யோசனைக்குப் பல்கலைக்கழகம் பணம் ஒதுக்கவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் வால்டர் ஹலிஹன் வெளியே கை நீட்டினார். தொழிலதிபர் பியர் டுபாண்ட் உதவ, அப்போது வணிக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரும் ஆதரவு தந்தார். 1923 ஜூலை 7 அன்று எட்டு மாணவர்களோடு கிர்க்பிரைட் நியூயார்க்கில் ரோஷாம்போ கப்பல் ஏறினார். முதலில் நான்சி நகரில் மொழிப் பயிற்சி. அதன்பின் பாரீஸில் சோர்போன் பல்கலைக்கழகம்.

கப்பலையே கல்லூரியாக்கிய திட்டமும் உண்டு. 1963-இல் தொடங்கிய மிதக்கும் வளாகம், 'செமஸ்டர் அட் சீ' என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. கல்விப் பொறுப்பை 2016-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்றது. பல கல்லூரிகளிலிருந்து வரும் பேராசிரியர்கள் கடலில் பாடம் நடத்துவார்கள். கரை சேர்ந்ததும் வகுப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவதொரு துறைமுக நகரில் ஒரு நாள் கள வகுப்பு கட்டாயம். இந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலும் நின்றதுண்டு.

தரையில் நடக்கும் திட்டங்களில் பேராசிரியரின் வேலை, புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. இந்தப் பாடத்தை ஏன் அந்த ஊரில்தான் நடத்த வேண்டும் என்று அவர் எழுதிக் காட்ட வேண்டும். உள்ளூரிலேயே நடத்தக்கூடிய பாடத்தைப் பாரீஸுக்குத் தூக்கிப்போனால் அது வெறும் உல்லாசப் பயணம்தான். அடுத்தது பணம். பேராசிரியரின் விமானக் கட்டணமும் தங்கும் செலவும் பெரும்பாலும் மாணவர் கட்டணத்திலேயே பங்கு பிரிக்கப்படுகின்றன. அதனால் ஆள் குறைந்தால் தலைக்கு விழும் செலவு ஏறும். குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் திட்டமே ரத்து. வகுப்பு வகுப்பாகப் போய் ஆள் சேர்ப்பதும் அவர் தலையில்தான்.

அட்டவணை போடுவது நுணுக்கமான வேலை. ஃபுளோரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை, பாரீஸின் லூவருக்குச் செவ்வாய். குழுவாக நுழைய முன்பதிவும் வேண்டும். அனுபவப்பட்டவர்கள் காலையில் ஓரிடம் காட்டி, மதியத்தை வெறுமனே விட்டு, மறுநாள் அதைப் பற்றிப் பேசவைப்பார்கள். புதியவர்களோ ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகங்களை அடைத்துவிடுவார்கள். மூன்றாவதில் மாணவர்கள் பார்ப்பது உட்கார ஒரு பெஞ்சு.

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஓயாத வேலை தலையெண்ணுவது. மெட்ரோ ரயிலில் பாதிப் பேர் ஏறியதும் கதவு சாத்திக்கொள்ளும். போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும், நின்றவர்கள் அடுத்த வண்டியில் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தால் பதற்றமில்லை. கடவுச்சீட்டு நகல்கள், காப்பீட்டு எண், ஒவ்வாமைப் பட்டியல் எல்லாம் அவர் பையில் இருக்கும். ஐரோப்பாவில் அவசர உதவிக்கு 112 என்ற ஒரே எண் என்பது ஓர் ஆறுதல்.

வகுப்பறையில் அவருக்கு இல்லாத பொறுப்புகள் இங்கே வந்து சேர்கின்றன. அமெரிக்காவில் மது அருந்த 21 வயதாக வேண்டும். பிரான்ஸில் 18 போதும். இருபது வயது மாணவருக்கு அங்கே சட்டம் இடம் தருகிறது, பல்கலைக்கழக விதி தருமா என்பது தனிக் கேள்வி. மாணவி ஒருவர் தனக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறலைச் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பேராசிரியர் வாக்குக் கொடுக்க முடியாது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வகுத்துள்ள விதிப்படி, அதை உரிய அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நள்ளிரவில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒருவர், மற்றவர்களோடு இருக்க இன்னொருவர் தேவை. இதனால்தான் பல இடங்களில் இரண்டாவது பொறுப்பாளரும் உடன் போகிறார்.

திரும்பி வந்தபின் கட்டுரைகளைத் திருத்தி மதிப்பெண் போட வேண்டும். அயல்நாட்டு நாணயத்தில் உள்ள பேருந்துச் சீட்டு முதல் உணவகப் பில் வரை ஒவ்வொன்றையும் கணக்குப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கெடுவும் நெருங்கியிருக்கும்.