கடையில் பருப்பு இருக்கா? திரையிலேயே பார்க்கலாம்

முண்டியம்பாக்கத்தில் கூலி வேலைக்குப் போகும் ஒருவர், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போகிறார். "பருப்பு இன்னும் வரலைங்க" என்று சொல்லிவிட்டால்? அந்த அரை நாள் போனது போனதுதான். இதைத் தவிர்க்கத்தான் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் விழுப்புரம் மாவட்டம், விக்கிரவாண்டி வட்டம், உங்கள் கடை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு இருப்பு விவரத்தைப் பார்க்கும் வசதி இருக்கிறது.

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியல் ஒட்டிய அன்றைக்கு மட்டும்தான் சரி. இது அப்படி அல்ல. நீங்கள் கேட்கும்போதுதான் கணினி தரவுத்தளத்தைத் தேடி அறிக்கையைத் தயாரிக்கிறது. கடைக்காரர் உங்கள் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்து பில் போட்டதும் அந்த விவரம் சர்வருக்குப் போய், இருப்பு குறைகிறது. சிக்னல் இல்லாவிட்டால் கொஞ்சம் தாமதமாகும். அதனால் "எத்தனை மணி நிலவரம்" என்று குறிப்பிடாத அறிக்கையை நம்பிக் கிளம்பாதீர்கள். இருப்பு காட்டியும் பொருள் தரவில்லை என்றால் 1967-க்கு இலவசமாகப் பேசலாம்.

இதுபோன்ற அறிக்கையை உங்கள் ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ செய்யப்போகிறீர்களா? எந்தக் கருவி என்று முடிவு செய்யும் முன், படிக்கப்போவது யார் என்று பாருங்கள். அதிகாரி திரையில் வரைபடமாகப் பார்க்க மெட்டாபேஸ், சூப்பர்செட் போன்றவை போதும். அச்செடுத்துக் கையெழுத்துப் போடும் படிவம் என்றால் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், பர்ட் வகை பொருந்தும். நான்குக்குமே திறந்த மூலப் பதிப்பு உண்டு, உரிமக் கட்டணம் இல்லை. 2015-இல் வந்த மத்திய அரசின் கொள்கையும் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தருகிறது.

பலர் கோட்டை விடுவது தமிழில்தான். 'கோ' என்ற எழுத்தில் கணினி முதலில் 'க'வைத்தான் சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது காட்டும் கருவியின் வேலை. பிரவுசர் இதைச் சரியாகச் செய்துவிடும். பிடிஎஃப் தயாரிக்கும் சில பழைய கருவிகள் செய்யாது. 'முண்டியம்பாக்கம்' என்பதில் 'மு'வின் சுழி கழன்று நிற்கும். 'கோலியனூர்' இன்னும் மோசம், கொம்பு பின்னால் போய்விடும். தன் ஊர்ப் பெயரே இப்படி வந்தால் அந்தத் தாளை யார் நம்புவார்? கருவியை வாங்குவதற்கு முன்பே இந்த இரண்டு பெயரையும் பிடிஎஃப் ஆக எடுத்து, அச்சிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.