உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் குடோன்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரை லோடுமேன்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள். மூட்டை தூக்க வேண்டாம். லீவரைத் தட்டினால் ஒரு டன் பேலட் தானாக மேலே போகும். ஆனாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் வருகிறவர்களில் இந்த ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். எதையும் தூக்காதவருக்கு எப்படி வந்தது இடுப்பு வலி?

தரை தரும் அடி

காருக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உண்டு. ஃபோர்க்லிஃப்டுக்குப் பெரும்பாலும் அவை கிடையாது. சுமையோடு வண்டி ஆடக் கூடாது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். டயரும் பல வண்டிகளில் காற்றில்லாத கெட்டி ரப்பர்தான். கான்கிரீட் தரையின் ஒவ்வொரு இணைப்பிலும், லாரிக்கும் மேடைக்கும் நடுவே போட்ட இரும்புத் தகட்டிலும் ஏறி இறங்கும்போது விழும் அடி சீட் வழியாக நேரே முதுகுத்தண்டுக்குப் போகிறது. நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரும் குலுக்கல், உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பை மிகவும் உலுக்கும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் தளர்ந்துபோகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே இதற்கு அளவு வைத்துவிட்டது. எட்டு மணி நேர வேலையில் உடல் வாங்கும் அதிர்வு 0.5 மீ/வி² தாண்டினால் அதைக் குறைக்க நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம் ஊரிலோ வலி வந்தால் ஓட்டுநரைத்தான் குறை சொல்கிறோம். உடைந்த தரையைப் பூசுவதும், தேய்ந்த டயரை மாற்றுவதும், 'சீக்கிரம் சீக்கிரம்' என்று விரட்டாமல் இருப்பதும் அவர் கையிலா இருக்கின்றன? வேகம் கூடக் கூடக் குலுக்கலும் கூடும். காலி வண்டியை விரட்டும்போது இன்னும் மோசம்.

அவர் கையில் இருப்பது ஒரு திருகு. அதிர்வு தாங்கும் சீட்டுகளில் ஓட்டுநரின் எடைக்கேற்ப மாற்றிக்கொள்ள அதை வைத்திருப்பார்கள். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர் ஏறும் வண்டியில் அதை யாரும் தொடுவதில்லை. 90 கிலோ ஆளுக்கு வைத்த சீட்டில் 55 கிலோ ஆள் உட்கார்ந்தால் அது வெறும் பலகைதான். ஏறியதும் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள்.

கழுத்தும் காலும்

உயரமான சுமை முன்பக்கத்தை மறைத்தால் ரிவர்ஸில்தான் போக வேண்டும். உடலைத் திருகியபடியே குலுங்குவது, நேராக உட்கார்ந்து குலுங்குவதைவிடக் கெடுதல். மேல் ராக்கில் பேலட் வைக்க அண்ணாந்து பார்ப்பதும் அதோடு சேர்கிறது. வண்டி வாங்கும்போதே கேமராவும் சுழலும் சீட்டும் கேட்கலாம். வைத்தியச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையல்ல.

இறங்கும்போது குதிக்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்து, படியில் கால் வைத்து இறங்குங்கள். இறங்கிய கையோடு பெட்டி தூக்கப் போக வேண்டாம். நெடுநேரம் குலுங்கிய முதுகு களைத்திருக்கும், சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

மூடிய குடோனின் காற்று

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. கேஸில் ஓடும் வண்டியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரே ஷிஃப்டில் பலருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே போனதும் தணிந்தால் அதைப் பித்தம் என்று விட்டுவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். மயக்கம் வந்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேட்டரி வண்டியில் இந்தப் புகை கிடையாது. ஆனால் சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். அந்த அறையில் பீடி கூடாது.

தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறை தூரம் என்று தண்ணீரைக் குறைப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம்.

எப்போது மருத்துவரிடம்?

வலி இடுப்போடு நிற்காமல் காலுக்கு இறங்கினால் சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள். பாதம் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருநாள் தள்ளினாலும் நரம்பு திரும்பாமல் போகலாம்.

மருத்துவரிடம் 'கம்பெனியில் வேலை' என்று மட்டும் சொன்னால் அவருக்கு விளங்காது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், இத்தனை மணி நேரம், இத்தனை வருடமாக என்று சொல்லுங்கள். இல்லையென்றால் மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் வாங்கிக்கொண்டு மறுநாள் அதே சீட்டில்தான் போய் உட்காருவீர்கள்.