மனுவேல் கேட்ட கணக்கு



இந்த நினைவுரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது, கிளாபர் ரோஷா தமது இருபத்தைந்தாம் வயதில், 1964இல் வெளியிட்ட 'சூரிய பூமியில் கடவுளும் சாத்தானும்' என்ற பிரேசில் திரைப்படம். மத நம்பிக்கையையும் வன்முறையையும் பற்றிய படம் என்றே இதைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் படத்தின் கதை ஒரு பங்குக் கணக்கில்தான் தொடங்குகிறது.

இடம், பிரேசிலின் வடகிழக்கிலுள்ள செர்டாவ் என்னும் வறண்ட நிலப்பகுதி. அங்கே முற்காலத்தில் மாடு மேய்ப்பவருக்குக் கூலி பெரும்பாலும் பணமாகக் கிடைக்கவில்லை. பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்று அவருக்கு என்பது பழைய வழக்கம். மனுவேல் அப்படிப் பங்குக்கு மேய்ப்பவர். பண்ணையாரின் மாடுகளை ஓட்டிவரும் வழியில் சில மாடுகள் பாம்பு கடித்துச் சாகின்றன. செத்தவையெல்லாம் உன் பங்கு என்கிறார் பண்ணையார். மனுவேல் நியாயம் கேட்கிறார். சாட்டையடி விழுகிறது. அவர் பண்ணையாரை வெட்டிக் கொல்கிறார். பண்ணையாரின் ஆட்கள் அவருடைய தாயைக் கொல்கிறார்கள்.

அதன்பின் மனுவேலும் மனைவி ரோசாவும் மோன்தே சாந்தோ மலையில் செபஸ்தியாவ் என்ற கறுப்பினத் துறவியிடம் போய்ச் சேர்கிறார்கள். பாவம் தீர, பெரிய கல்லைத் தலையில் சுமந்து முழங்காலாலேயே மலையேறுகிறார் மனுவேல். துறவி ஒரு பச்சிளங்குழந்தையைப் பலியிடுகிறார். ரோசா துறவியைக் குத்திக் கொல்கிறார். ஒரு பாதிரியாரும் ஒரு பண்ணையாரும் பணம் கொடுத்து அனுப்பிய அந்தோனியோ தாஸ் மோர்த்தெஸ் என்ற கூலிக் கொலையாளி பக்தர்களைச் சுட்டுத் தள்ளுகிறான். தப்பிய இருவரும் கொரிஸ்கோ என்னும் கொள்ளைக் கூட்டத் தலைவரிடம் சேர்கிறார்கள். அவரையும் அந்தோனியோ கொல்கிறான்.

துறவி சொர்க்கத்தைக் காட்டினார். கொள்ளையர் பழிவாங்கும் வழியைக் காட்டினார். மனுவேலின் பங்கு என்னவாயிற்று என்று இருவருமே கேட்கவில்லை. பணம் கொடுத்து அந்தோனியோவை ஏவியவர்களோ கடைசிவரை பத்திரமாக இருக்கிறார்கள். இந்தப் படத்திலிருந்து நாம் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். மோன்தே சாந்தோ கற்பனை ஊர் அல்ல. பாஹியா மாநிலத்தில் உள்ள அந்த ஊர்தான் கனூடோஸ் போரில் ராணுவத்தின் தளமாக இருந்தது. 1893இல் அந்தோனியோ கொன்செலெய்ரோ என்ற துறவி கனூடோஸில் ஒரு குடியிருப்பை நிறுவினார். 1888இல் அடிமைமுறை ஒழிந்தபின் நிலமின்றி விடப்பட்ட கறுப்பின மக்களும், பழங்குடிகளும், ஏழை மேய்ப்பர்களும் அங்கே வந்து குடியேறினார்கள். வேலைக்கு ஆள் போய்விட்டதால் பண்ணையார்கள் கொதித்தார்கள். மூன்று படையெடுப்புகளை அம்மக்கள் முறியடித்தார்கள். நான்காவதில், 1897 அக்டோபரில், ஊரே அழிக்கப்பட்டது.

சியாரா மாநிலத்தின் கால்டெய்ராவில், ஜோசே லோரென்சோ என்ற கறுப்பினத் துறவியின் தலைமையில் மக்கள் சேர்ந்து பயிரிட்டு விளைச்சலைப் பகிர்ந்து வாழ்ந்தார்கள். 1936இல் காவல்துறை அந்தக் குடியிருப்பைக் கலைத்தது. அடுத்த ஆண்டு பலர் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கூட்டு உழைப்பு படத்தில் இல்லை. மலையில் ஊர்வலம் உண்டு, பலி உண்டு, வயல் இல்லை. குழந்தைகளைப் பலியிட்ட சம்பவம் 1838இல் பெர்னாம்புகோவில் உண்மையில் நடந்ததுதான். ஆனால் பல இயக்கங்களை ஒரே துறவியின் உருவில் சேர்த்து, அவர் கையில் அந்தக் கத்தியையும் கொடுக்கும்போது, அழித்தவர்கள் சூட்டிய 'மதவெறியர்கள்' என்ற பெயரே மறுபடியும் நிலைக்கிறது. ரோஷா ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற கலைஞர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அப்படிப்பட்டவரின் கேமராவுக்கும் அவர்களுடைய வெறி தெரிந்த அளவுக்கு, அவர்கள் சேர்ந்து கட்டிய வாழ்வு தெரியவில்லை.

இறுதிக் காட்சியில் கணவனும் மனைவியும் வறண்ட நிலத்தில் ஓடுகிறார்கள். ரோசா விழுந்துவிடுகிறார். மனுவேல் நிற்காமல் ஓடுகிறார். திரையில் கடல் விரிகிறது. துறவியின் பிடியிலிருந்து தன்னை மீட்டவரை விட்டுவிட்டு அவர் எந்த விடுதலையைப் போய்ச் சேர்வார்?

மாணவத் தோழர்கள் இந்தப் படத்தை அவசியம் திரையிட வேண்டும். பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளைப் பேசுங்கள்: மனுவேலின் பங்கை யார் பறித்தது? அந்த மக்கள் உழுத வயல் ஏன் திரைக்கு வரவில்லை? ரோசா ஏன் பின்தங்கினார்?